எமில்டா அத்தையின் பசி தெருவில் இறங்கியது

ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். சின்னச் சிரிப்பு இல்லை. எங்கள் தெரு முழுக்கக் கேட்டு, கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களையெல்லாம் நிமிர்ந்து பார்க்க வைத்த சிரிப்பு. ஆனால் இப்போது தரமாட்டேன். எமில்டா அத்தை பிரியாணிக்குத் தம் போட்டுவிட்டு, மூடியைத் திறக்க வருகிற என் கையில் கரண்டியால் ஒன்று போட்டுச் சொல்வாளே, அதே குரலில், மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு நானும் சொல்கிறேன்: "கொஞ்சம் பொறுளா, பறக்காத."

எனக்கு எல்லாக் குரலும் வரும். மீன் ஏலக்காரரின் கரகரப்பு வரும், பங்குச் சாமியார் பிரசங்கத்தின் நடுவில் தொண்டையைச் செருமுவது வரும், தலைமையாசிரியை மைக்கைத் தட்டி "ஹலோ ஹலோ" என்று தன்னையே விசாரிப்பது வரும். ஆனால் எமில்டா அத்தையின் குரல் எனக்கு என் சொந்தக் குரலைவிட நன்றாக வரும். அந்தக் குரலில் மளிகைக் கடைக்கு போன் போட்டுக் கடலை மிட்டாய் வரவழைத்திருக்கிறேன், அந்தக் குரலில் என் அப்பாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பித் துணி மடிக்க வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு அவள் அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் எங்கள் வீட்டோடு இருப்பவள், தூத்துக்குடியில் எங்கள் தெருவிலேயே பெரிய உடம்புக்காரி, எங்கள் தெருவிலேயே நல்ல சமையல்காரி.

போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்ய முழங்கால் போட்டவள் திரும்ப எழுந்திருக்க முடியாமல் போய்விட்டது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையும் அப்பாவும் பீடத்துப் பையன்களும் சேர்ந்து தூக்கினார்கள். வரிசையில் பின்னால் யாரோ சிரித்தார்கள், அப்புறம் அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அத்தை வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள், "அடுத்த வருஷம் நானா முழங்கால் போட்டு நானா எந்திரிக்கணும். அம்புட்டுதான்."

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாரத்துக்கு ஒரு ஊசி இருக்கிறது, வயிற்றில் நீங்களே போட்டுக்கொள்ளலாம், பசி குறையும், எடை இறங்கும் என்றார்.

"வயித்துலயா? நானேவா?" அத்தை நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "சோறு போடுற வயித்துல ஊசியக் கொண்டுபோய்க் குத்தச் சொல்லுதியளே டாக்டர், அது யாருக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

அன்றைக்கு அவள் செருப்பை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தாள். திரும்பப் போய் எடுத்து வந்தது நான்.

ஊசி வேண்டாம் என்று ஆனபிறகுதான் எதிர்வீட்டு ரொவீனா அக்காவின் பொடி வந்தது. ரொவீனா அக்கா போனிலேயே வியாபாரம் பண்ணுகிறவள், அவள் குரலுக்கு நான் கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ள வேண்டும்: "ஹாய் சிஸ்டர்ஸ், இது நூறு சதம் இயற்கை, குடம்புளி இருக்கு, சப்ஜா விதை இருக்கு, வெந்தயம் இருக்கு, மலையில இருந்து வந்த வேர் ஒண்ணு இருக்கு, காலையில வெந்நீர்ல கலக்கிக் குடிச்சா பசிங்கிற பேச்சே இருக்காது." அத்தை டப்பாவை மோந்து பார்த்தாள். "குழம்புல போடுறத குடிக்கச் சொல்லுதாளே" என்றாள். ஆனாலும் வாங்கினாள். டப்பாவின் மேல் பக்க விளைவு கிடையாது என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டு விளைவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அந்தப் பொடியை அவள் முதலில் குடித்தது சாம்பல் புதன் அன்று. எங்கள் பங்கில் தவக்காலம் தொடங்கும் அந்தப் பூசையில் ஆளாளுக்கு ஒன்றை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பார்கள். அப்பா சிகரெட்டை ஒப்புக்கொடுத்தார், அம்மா சீரியலை ஒப்புக்கொடுத்தாள், நான் அடுத்தவர் குரலில் பேசுவதை ஒப்புக்கொடுத்தேன், அது ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் தாங்கியது. மற்றவர்கள் கறியை விடுவார்கள், மீனை விடுவார்கள், தின்கிற பொருளில் ஏதாவது ஒன்றை விடுவார்கள், விட்டது ஈஸ்டருக்குத் திரும்ப வந்துவிடும். எமில்டா அத்தை வயிற்றில் பொடி கலக்கிய வெந்நீரும் நெற்றியில் சாம்பலுமாக நின்று, கண்ணை இறுக்க மூடி, பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்கும்படிச் சொன்னாள்: "ஆண்டவரே, ஒவ்வொண்ணா எதுக்கு, எம் பசியையே ஒப்புக்கொடுக்கேன். எடுத்துக்கிடும்."

அத்தையின் பசி அவள் வயிற்றிலிருந்து இறங்கியது. கன்றுக்குட்டி உயரம் இருந்தது, வறுத்த ரவையின் நிறத்தில் இருந்தது, அத்தையைப் போலவே இடது காலைச் சற்றுச் சாய்த்து வைத்தது. முகம் என்று தனியாக ஒன்று இல்லாவிட்டாலும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அது ஒருமுறை அத்தையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பெண்கள் பக்கத்துக் கதவு வழியாக, தீர்த்தத் தொட்டியை உரசிக்கொண்டு வெளியே போனது. பாடகர் குழு அடுத்த பாட்டை ஆரம்பித்தது. கோயில்பிள்ளை மட்டும் அது போன பாதையில் ஒரு துடைப்பத்தைப் போட்டுக் கூட்டிவிட்டார், ஏனென்றால் அது போன இடமெல்லாம் சீரகம் தாளித்த வாசம் அடித்தது, தவக்காலத்தில் அப்படி அடிக்கக் கூடாது.

முதலில் அது போய் உட்கார்ந்தது ரொவீனா அக்கா வீட்டில். அவள் பையன் ஜெய்சன் போனில் படம் ஓடினால்தான் வாயைத் திறப்பான், அதுவும் ஒரு இட்லியை ஒரு சினிமா நேரத்துக்குத் தின்பான். பசி அவன் பக்கத்தில் போய்ச் சப்பணமிட்டது. பையன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மம்மி, இன்னொரு தோசை" என்றான். ரொவீனா அக்கா தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டே தெருவுக்கு ஓடிவந்து அழுதாள். அழுது முடித்ததும் பொடிக்கு இன்னும் கொஞ்சம் விலை ஏற்றினாள்.

பிறகு அது கஸ்பார் மாமா வீட்டுக்குப் போனது. எங்களுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரு மதில்தான். மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மழைக்காலத்தில் ஃபிலோ மாமி இறந்ததிலிருந்து டீயும் ரஸ்க்குமாக இருந்தவர், யார் வீட்டிலிருந்து சோறு போனாலும் "வச்சிட்டுப் போ" என்று சொல்லி, அந்தத் தட்டை அப்படியே திருப்பித் தருபவர். பசி அவருடைய அடுப்படியில் மாமி உட்கார்ந்து மீன் ஆயும் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு மத்தியானம் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கிரேன் மேலிருந்து கத்திப் பழகிய அந்தக் குரல் வந்தது: "ஏ எமில்டா! சாளைக் குழம்புக்குப் புளி மொதல்லயா, கடைசிலயா?"

அத்தை கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு மதிலடிக்கு ஓடினாள். "மொதல்ல அண்ணே! மீனப் போட்டு மூடிறாதிய!"

அப்படித்தான் தெரு அந்தப் பசியோடு பழகியது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கு அதை ஒரு பொழுது கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள், சண்டை போட்டு ஆளுக்கொரு பக்கம் படுத்திருந்த புருஷன் பெண்சாதி வீட்டுக்குள் அது நுழைந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே கருவாட்டுக்குக் கை நீட்டினார்கள். அதற்கு நிழலில் ஒரு சாக்கு விரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அது யார் வீட்டில் என்று இரண்டு பெண்கள் குழாயடியில் சண்டைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டார்கள். அது எங்கே போனாலும் பொழுது சாயும்போது கஸ்பார் மாமா வீட்டுக்கு வந்துவிடும். மாமா அதற்கும் ஒரு தட்டு வைத்தார், அந்தத் தட்டிலிருந்ததையும் தானே தின்றார். ஃபிலோ மாமியின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தின்றார்.

எங்கள் தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்து, பருப்பு வடை வருவதற்கு முன்னால், என் அம்மாதான் பேச்சை எடுத்தாள். அதற்குள் அத்தைக்கு ரவிக்கை இரண்டு பக்கமும் ஊக்கு குத்தும்படி ஆகியிருந்தது.

"மதினி மெலியணும்னுதான் நெனச்சா, இல்லன்னு சொல்லல. ஆனா இப்ப ஒரு வாய்ச் சோறுகூட எறங்க மாட்டேங்கு. அவ பசிய அவகிட்ட குடுத்துருங்க."

"ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தத திருப்பிக் கேக்கலாமா?" இது ரொவீனா அக்கா.

"ஆண்டவரு எங்கட்டி எடுத்தாரு? உன் வீட்லல்லா தோச தின்னுட்டுக் கெடக்கு!"

"நான் என்ன கட்டிப் போட்டா வச்சிருக்கேன்? அதுக்குப் புடிச்ச வீட்டுக்கு அது போகுது."

எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். அவர் செருமினார், நான் மனதுக்குள் கூடவே செருமினேன். "திருச்சபையில இதுக்கு முன்னுதாரணம் இருக்கான்னு பாக்கணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு மத்தியானம் பங்கு இல்லத்துப் பக்கம் அது வருமா? எனக்கும் கொஞ்ச நாளா சரியா எறங்கல" என்றார்.

கஸ்பார் மாமா மட்டும் வடை வருமுன்பே எழுந்து போய்விட்டார்.

அத்தை தானே தேடியும் பார்த்தாள். மதிலோரத்தில் அது நின்றதைக் கண்டு, "ஏ, இங்க வா, வா" என்று கையை நீட்டினாள். பசி அவளைப் பார்த்தது, பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து மெதுவாகக் கஸ்பார் மாமா வீட்டுக்குள் போய்விட்டது. அதற்கு ரோஷம் வந்திருந்தது. ஊரார் முன்னால் கோயிலில் வைத்து வேண்டாம் என்று சொன்னவள் அல்லவா.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. எமில்டா அத்தை வரிசையில் நடந்து போனாள், யார் தோளையும் பிடிக்காமல் முழங்கால் போட்டாள், சிலுவையை முத்தி செய்தாள், எழுந்தாள். தானாக எழுந்தாள். திரும்பி என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு முகத்தில் இருந்தது, கன்னம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோயில் வாசலில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினார்கள், துவையல் வைத்தார்கள். அத்தை கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, அதை வைத்து என்ன செய்வது என்று மறந்துபோனவளாக அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிண்ணம் விழுந்தது, அவளும் விழுந்தாள். இந்தத் தடவை அப்பா ஒருவரே தூக்கிவிட்டார். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இயற்கை என்று எழுதியிருந்தால் கேட்காமல் குடித்துவிடுவதா என்று அம்மாவைத் திட்டினார், பொடியை நிறுத்தச் சொன்னார், எப்படியாவது சாப்பிட வையுங்கள், இப்படியே போனால் தாங்காது என்றார். பொடியைச் சாக்கடையில் கொட்டினோம். ஆனால் வயிற்றில் பசி இல்லாத ஆளை எப்படிச் சாப்பிட வைப்பது? அத்தை ஒரு வாய் எடுப்பாள், மெல்லுவாள், மெல்லுவாள், பிறகு ஒதுக்கிவிடுவாள். "சுவத்துச் சுண்ணாம்பு மாதிரி இருக்குளா. கோவிச்சுக்காத" என்பாள். எங்களைத்தான் சமாதானப்படுத்துவாள்.

சனிக்கிழமை மத்தியானம் நான் பின்பக்கம் போனேன். எங்கள் சமையலறை ஜன்னலில் கொசுவலை அடித்திருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி உள்ளேயிருந்து வெளியே ஒன்றும் தெரியாது, வெளியேயிருந்து பார்த்தாலும் ஜன்னலடியில் இருப்பது மட்டும்தான் மங்கலாகத் தெரியும். தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக் குந்தினேன். உள்ளே அத்தை தனியாக, தொடாத தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுடைய குரலை எடுத்தேன். அவளுடைய பசி வேறு யாருடைய குரலில் பேசும்?

"எமில்டா."

உள்ளே தட்டு நகர்ந்தது. "யாரு?"

"என்னத் தெரியலியா? கோயில்ல வச்சு எறக்கி விட்டியே."

அவள் பயந்து கத்துவாள், நான் சிரிக்கலாம் என்றுதான் பாதி மனது நினைத்தது. அவள் கத்தவில்லை. மெதுவாக, பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்த பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டாள்: "சாப்ட்டியா?"

எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. நல்லவேளை, அவள் குரலும் கொஞ்சம் அடைத்த குரல்தான். "நீ தின்னாத்தானே நான் தின்ன மாதிரி. ஊரு பூரா தின்னுது, எனக்கு ஒண்ணும் ஒட்டல. நீ ஒரு வாய் எடு."

"சுண்ணாம்பா இருக்கு."

"எனக்காக எடு."

எடுத்தாள். மெல்லுகிற சத்தம் கேட்டது. விழுங்குகிற சத்தமும் கேட்டது. அப்புறம் வலைக்குப் பின்னாலிருந்து அவள் பேச ஆரம்பித்தாள், நான் கேட்காததையெல்லாம் பேசினாள். "நீ ஏங்கூடப் பொறந்தவ. உன்ன நான் நாலு பேரு முன்னால ஒருநாளும் உக்கார வச்சதில்ல. பந்தில ஒரு கரண்டிக்கு மேல வேணாம்னு கைய வச்சு மறைப்பேன். குண்டுப் பிள்ள எம்புட்டுத் திங்குதுன்னு பாப்பாளுவோ. எல்லாத்துக்கும் வெளம்பி முடிச்சு, அண்டாவ வழிச்சு, அடுப்படில நின்னமேனிக்கே உன்ன வாய மூடுன்னு சொல்லி ரெண்டு உருண்டைய உள்ள தள்ளுவேன். எங்க அம்மை செத்தன்னைக்கு உனக்கு எம்புட்டுப் பசி. நான் உன்ன அடிச்சேன். வயித்துலயே அடிச்சேன். நெனவிருக்கா?"

எனக்கு என்ன நினைவிருக்கும்? அப்போது நான் பிறக்கவே இல்லை. "இருக்கு" என்றேன். "போட்டும். இன்னொரு வாய் எடு."

அன்று இரண்டு நேரமும் அவள் அப்படித்தான் சாப்பிட்டாள், ருசி இல்லாமல், மெலிந்துபோன ஒருத்திக்கு இன்னொருத்தி ஊட்டுகிற மாதிரி. நான் தொட்டிமேல் கால் மரத்துக் குந்தியிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கஸ்பார் மாமா வீட்டில் பேச்சில்லை, பாத்திரச் சத்தமும் இல்லை.

மறுநாள் ஈஸ்டர். தெருவெல்லாம் பிரியாணி வாசம். எல்லோரும் விட்டதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அப்பா வாசலில் நின்று சிகரெட் பற்றவைத்தார், அம்மா விட்ட சீரியலை முதலிலிருந்து ஓடவிட்டாள். அத்தையிடம் மட்டும் ஒன்றும் திரும்பி வரவில்லை. தட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தாள். நானும் என் இடத்தில் ஏறினேன்.

"எமில்டா, இன்னைக்கு நல்ல நாளு. முட்டைய எடு."

"எடுக்கேன். நீ எங்க நிக்க? வெயில்லயா?"

"வெயில்தான். பரவால்ல. நீ தின்னா எனக்குக் குளுந்துரும்."

"உள்ள வந்துரேன்."

"வழி தெரியலளா." இது எனக்கே தெரியாமல் வந்துவிட்டது.

முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஈஸ்டருக்குக் கேக்கும் பலகாரமும் கொண்டு ஆட்கள் வருவதுதான், நான் கண்டுகொள்ளவில்லை. கஸ்பார் மாமாவின் குரல், அவ்வளவு பெரிய குரல், இவ்வளவு சின்னதாக அன்றுதான் கேட்டேன். "சாப்பிடுத நேரத்துல வந்துட்டேன் எமில்டா. இத உங்கிட்ட விட்டுட்டுப் போலாம்னுதான்."

கேக்காக இருக்கும் என்று நினைத்தேன். "யாரோ வந்துருக்காவ போல" என்று பசியின் குரலில் சொன்னேன். "நீ பாக்காத, தின்னு."

உள்ளே தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது.

"நேத்துல இருந்து அது எங்கிட்ட ஒட்டவே இல்ல" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். "நீ ஜன்னல்ட்ட பேசுனதெல்லாம் மதிலடில நின்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சு. நானும் கேட்டேன், மன்னிச்சுக்கோ. உங்க அம்மை செத்த அன்னைக்கு நடந்ததச் சொன்னியே, அப்ப படுத்தது ராத்திரி பூரா எந்திரிக்கல. இன்னைக்கு நானே கழுத்தத் தடவிக் கூட்டிட்டு வந்தேன். முன்னமே கொண்டாந்துருக்கணும். அது போயிட்டா ஃபிலோ இல்லாத வீட்ல எனக்கு மறுபடியும் டீயும் ரஸ்க்கும்தானேன்னு பயந்துட்டேன்."

"இனியும் இங்க வந்து சாப்பிடுங்க அண்ணே. தட்ட எடுத்துக்கிட்டு உக்காருங்க." இது அத்தை. பிறகு வேறு யாரிடமோ பேசுவதுபோல, "வா. வா தங்கம். ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

காலைச் சாய்த்து வைக்கும் அந்த நடை, சமையலறைத் தரையில் கேட்டது. சீரக வாசம் கொசுவலை வழியாக என் மூக்கில் அடித்தது.

எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்து என்ன செய்ய, என் வாய் எனக்கு முன்னால் ஓடுகிற வாய். "அந்தக் கறித்துண்டையும் எடு எமில்டா" என்று அது சொல்லிவிட்டது, அச்சு அசல் அத்தை குரலில். "நான் இங்க வெயில்ல நிக்கேம்லா."

"கஸ்பார் அண்ணே." அத்தை மிகவும் நிதானமாகக் கேட்டாள். "எங்கையில தலைய வச்சுக்கிட்டு நிக்குதே, இதுதானே எம் பசி?"

"அதுதான். சந்தேகமா?"

"அப்ப ஜன்னல்ல நின்னு எங்குரல்ல எனக்குச் சோறு ஊட்டுறது எவ?"

நாற்காலி நகர்ந்தது. பிசுக்கு ஏறிய வலையில் ஒரு பெரிய மூக்கு வந்து அழுந்தியது, அதற்கு மேலே இரண்டு கண்கள் என்னைத் தேடின, தொட்டிமேல் குந்தியிருந்த என் முழங்காலைக் கண்டன, என் முகத்தைக் கண்டன. நேற்றிலிருந்து தான் சொன்னதையெல்லாம் கேட்டவள் யார் என்று அந்தக் கண்களுக்குள் மெதுவாக விடிந்தது. அவள் அழப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அதற்குள் அவள் வயிறு, இத்தனை நாள் ஊமையாகக் கிடந்த வயிறு, கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் போட்டது. அத்தை வாயைத் திறந்து, "ஏளா பிரிஸ்கா" என்று ஆரம்பித்து, அதை முடிக்க முடியாமல் சிரித்தாள்.